பிரிட்டனில் கரண்ட், கேஸ் பில்: 'எஸ்டிமேட்டட்' என்று வந்தால் என்ன செய்வது?

ஊரில் கரண்ட் பில் வருகிற விதம் நமக்குப் பழக்கமானது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி.யிலிருந்து ஆள் வந்து கணக்கெடுப்பார். யாழ்ப்பாணத்தில் மாதாமாதம் ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்துப் பில்லைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு இடத்திலும் யாரோ ஒருவர் கண்ணால் பார்த்த எண்தான் பில்லில் ஏறும். பிரிட்டனுக்கு வந்த பிறகும் அதே நினைப்போடுதான் பலர் பில்லைப் பிரிக்கிறார்கள். இங்கே நடைமுறை வேறு. யாரும் வீட்டுக்கு வராமலேயே பில் வரும். பில் வராமலேயே பேங்கிலிருந்து பணம் போகும். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நம் வீடுகளில் நிறையப் பேர் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அல்லது குறைவாகக் கட்டிவிட்டு, பிறகு ஒரே கடிதத்தில் பெரிய பாக்கியைப் பார்த்துக் கலங்குகிறார்கள். தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இவை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் வீடுகளுக்கானவை. வட அயர்லாந்தில் விதிகள் தனி.

எஸ்டிமேட்டட் பில் என்றால் என்ன?

கம்பெனியிடம் உங்கள் மீட்டரின் உண்மையான எண் இல்லை. அதனால் உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். போன வருடம் இதே மாதங்களில் எவ்வளவு ஓடியது என்பதை வைத்து அந்த எண் வரும். நீங்கள் புதிதாகக் குடிவந்தவர் என்றால், உங்களுக்கு முன் இருந்தவர்கள் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பதை வைத்தும் வரலாம். முன்பு ஐந்து பேர் இருந்த வீட்டில் இப்போது நீங்கள் இரண்டு பேர் இருக்கலாம். அது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

பில்லில் மீட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் 'எஸ்டிமேட்டட்' என்றோ, ஆங்கில 'ஈ' எழுத்தோ இருக்கும். 'ஆக்சுவல்' என்றால் கம்பெனிக்குக் கிடைத்த உண்மை எண். 'கஸ்டமர்' என்றால் நீங்கள் அனுப்பிய எண். பில் வந்தால் தொகையைப் பார்ப்பதற்கு முன் இந்தச் சொல்லைத் தேடுங்கள். உத்தேசம் என்று இருந்தால் உடனே போய் மீட்டரைப் பார்த்து, இருக்கிற எண்ணை ஆப்பிலோ போனிலோ கொடுத்து, பில்லைத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

ஓர் உதாரணம். பில்லில் 23,416 என்று உத்தேசம் போட்டிருக்கிறார்கள், மீட்டரில் 22,950தான் இருக்கிறது. வித்தியாசம் 466 யூனிட் (பில்லில் kWh, அதாவது கிலோவாட் அவர் என்று இருக்கும்). யூனிட்டுக்கு 27 பென்ஸ் என்றால் 125 பவுண்டுக்கு மேல். நீங்கள் பயன்படுத்தாத கரண்டுக்கான பணம் அது.

மாதாமாதம் டைரக்ட் டெபிட்டில் போகிற பணம்தானே என் பில்?

இல்லை. குழப்பம் தொடங்குகிற இடமே இதுதான். பெரும்பாலான வீடுகளில் மாதாமாதம் போவது ஒரு சமத் தவணை. வருடம் முழுக்க எவ்வளவு ஆகும் என்று கம்பெனி கணக்குப் போட்டு, அதைப் பன்னிரண்டால் வகுத்து எடுக்கிறது. நீங்கள் உண்மையில் எவ்வளவு பயன்படுத்தினீர்கள் என்பதைச் சொல்வது பில்.

கம்பெனியிடம் உங்கள் பெயரில் ஒரு கணக்குப் புத்தகம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தவணை அதில் வரவு, பில் அதில் செலவு. கோடையில் ஹீட்டிங் ஓடாது, செலவு குறைவு; வரவு மிஞ்சும். அதைத்தான் 'கிரெடிட்' என்கிறார்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் ஹீட்டிங் ஓடிக்கொண்டே இருக்கும், சேர்ந்த கிரெடிட் கரையும். மாதம் 145 பவுண்டு கட்டுகிற ஒரு வீட்டில் ஜூலைச் செலவு 75 பவுண்டாகவும் ஜனவரிச் செலவு 240 பவுண்டாகவும் இருக்கலாம். இரண்டிலும் தப்பு எதுவும் இல்லை.

நீங்கள் செப்டம்பரிலோ அக்டோபரிலோ புதுக் கணக்கு தொடங்கியிருந்தால், முதல் குளிர்காலத்திலேயே 'டெபிட்', அதாவது பாக்கி என்று காட்டும். சேர்த்துவைக்கக் கோடை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

அப்படியானால் என் தவணை சரியான தொகையா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு தாளும் பேனாவும் போதும். ஒரு வருட இடைவெளியில் இரண்டு உண்மை எண்கள் வேண்டும். பழைய பில்களில் 'ஆக்சுவல்' அல்லது 'கஸ்டமர்' என்று போட்டிருக்கிற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். புதியதிலிருந்து பழையதைக் கழித்தால் வருடத்துக்கான யூனிட். அதை யூனிட் விலையால் பெருக்கி, ஒவ்வொரு நாளுக்கும் போடுகிற ஸ்டாண்டிங் சார்ஜை 365ஆல் பெருக்கிச் சேர்த்து, பன்னிரண்டால் வகுங்கள்.

கம்பெனிகள் 'சாதாரண வீடு' என்று சொல்லும்போது, 2023 அக்டோபரிலிருந்து வைத்த கணக்கு வருடத்துக்கு 2,700 யூனிட் கரண்ட், 11,500 யூனிட் கேஸ். கரண்ட் 26 பென்ஸ், கேஸ் 6.3 பென்ஸ் என்று வைத்தால் 702 பவுண்டு, 724 பவுண்டு. இரண்டு ஸ்டாண்டிங் சார்ஜும் சேர்ந்து நாளுக்கு 85 பென்ஸ் என்றால் 310 பவுண்டு. மொத்தம் 1,736. மாதத்துக்கு 145 பவுண்டு அளவில் வரும். (வீட்டுப் பில்லுக்கு 'வாட்' வரி 5 சதவீதம். விளம்பரப்படுத்தும் விலைகளில் அது பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும்.)

ஸ்டாண்டிங் சார்ஜ் ஒரு விளக்கு கூடப் போடாவிட்டாலும் ஏறும். இரண்டு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து, "வீடு பூட்டிக் கிடந்தது, பில் ஏன் வந்தது?" என்று கேட்பவர்களுக்கு முதல் பதில் இது. இரண்டாவது பதில், ஃப்ரிட்ஜ்.

அக்கவுண்டில் கிரெடிட் நிறைய இருக்கிறது. திருப்பிக் கேட்கலாமா?

கேட்கலாம், அது உங்கள் பணம். நியாயமான காரணம் இல்லாமல் அவர்கள் மறுக்க முடியாது. ஆனால் எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். அக்டோபரில் இரண்டு மாதத் தவணை அளவுக்குக் கிரெடிட் இருப்பது இயல்பு, அது குளிர்காலத்துக்கான சேமிப்பு. அதை எடுத்துவிட்டால் பிப்ரவரியில் திணறுவீர்கள். ஏப்ரல் கடைசியில், குளிர்காலச் செலவெல்லாம் கழிந்த பிறகும் அதே அளவு மிஞ்சியிருந்தால் உங்கள் தவணை அதிகம் என்று அர்த்தம். அப்போது கேளுங்கள். கேட்பதற்கு முன் அன்றைய மீட்டர் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். உத்தேச பில்லின் மேல் நிற்கிற கிரெடிட் உண்மையான கிரெடிட்தானா என்று அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

திடீரென்று தவணையை 110இலிருந்து 190 ஆக்கிவிட்டார்கள். ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். விலை ஏறியிருக்கலாம். பழைய பாக்கியைத் தவணையோடு சேர்த்து வசூலிக்கிறார்களாக இருக்கலாம். அல்லது ஓர் உத்தேச எண் உங்கள் வருடச் செலவை ஊதிக் காட்டியிருக்கலாம். மூன்றாவதுதான் சரிசெய்ய எளிது, ஆனால் யாரும் கவனிப்பதில்லை.

தவணையை, கையில் இருக்கும் தகவல்களில் மிகச் சரியானதையும் புதியதையும் வைத்துத்தான் நிர்ணயிக்க வேண்டும் என்பது எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமின் விதி. எப்படிக் கணக்கிட்டார்கள் என்று விளக்கவும் வேண்டும். ஆகவே போன் செய்து இப்படிக் கேளுங்கள்: "என் வருடச் செலவு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கிறீர்கள்? அது உண்மை எண்ணிலிருந்து வந்ததா, உத்தேசமா? பாக்கிக்காக எவ்வளவு சேர்த்திருக்கிறீர்கள்?" இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடியும். தொகையை மாற்றுவதற்கு முன் அறிவிப்பும் வர வேண்டும். சொல்லாமல் மாற்றி எடுத்திருந்தால், டைரக்ட் டெபிட் உத்தரவாதத்தின்படி உங்கள் பேங்கிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

கோபத்தில் பேங்கில் டைரக்ட் டெபிட்டை நிறுத்திவிட்டேன். பரவாயில்லையா?

வேண்டாம். பில் நிற்காது, பாக்கிதான் ஏறும். டைரக்ட் டெபிட் இல்லாதவர்களுக்கு விலையும் பொதுவாகக் கொஞ்சம் கூடுதல். கட்டத் தவறியது கிரெடிட் ரெக்கார்டில் பதிந்தால் பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது இடிக்கும். முதலில் கம்பெனியிடம் பேசித் தொகையை மாற்றுங்கள்.

மீட்டரை எப்படி வாசிப்பது? எனக்கு எண்கள் குழப்பமாக இருக்கின்றன.

எண் காட்டுகிற மீட்டரில் இடமிருந்து வலமாக முழு எண்ணை மட்டும் எழுதுங்கள். சிவப்பு நிறத்தில் இருப்பதையும் புள்ளிக்குப் பிறகு வருவதையும் விட்டுவிடுங்கள். முன்னால் இருக்கும் பூஜ்யங்களை விட வேண்டாம். ராத்திரியில் ஏழு மணி நேரம் மலிவாகக் கிடைக்கிற எகானமி 7 என்றால் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு எண் இருக்கும். இரண்டையும் கொடுக்க வேண்டும். இவற்றை மாற்றிக் கொடுத்துவிட்டால் பில் தலைகீழாகிவிடும்.

கடிகார முள் போன்ற வட்டங்கள் இருக்கிற பழைய மீட்டர் என்றால், பக்கத்துப் பக்கத்து வட்டங்களில் முள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். முள் இரண்டு எண்ணுக்கு நடுவில் நின்றால் சிறிய எண்ணை எழுதுங்கள். 9க்கும் 0க்கும் நடுவில் என்றால் 9.

எழுதுவதோடு நிறுத்தாமல் போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். தேதியோடு இருக்கிற அந்தப் படம் பிறகு எந்தத் தகராறிலும் உங்களுக்குச் சாட்சி.

கரண்ட் பில் சரியாக இருக்கிறது. கேஸ் பில் மட்டும் மூன்று மடங்கு வருகிறது. ஏதோ தப்பு என்று தோன்றுகிறது.

தப்பு இருக்க நியாயம் உண்டு. மூன்று மடங்கு என்பதே ஒரு துப்பு. கேஸ் மீட்டர் யூனிட்டைக் காட்டாது, எவ்வளவு கேஸ் போனது என்ற கன அளவைத்தான் காட்டும். புதிய மீட்டர்கள் கன மீட்டரில் காட்டும். முகப்பில் ஆங்கில 'எம்' எழுத்துக்கு மேல் சின்ன 3 இருக்கும். பழையவை நூறு கன அடியில் காட்டும். அவற்றில் பொதுவாக நான்கு எண்தான். பழைய அளவில் ஒன்று என்பது புதிய அளவில் 2.83.

மீட்டரில் கன மீட்டர் ஒன்று ஓடினால் பில்லில் ஏறத்தாழ 11 யூனிட் ஏறும். பழைய மீட்டரில் ஒன்று ஓடினால் ஏறத்தாழ 32 யூனிட். மீட்டரைப் புதிதாக மாற்றிய பிறகு கம்பெனியின் பதிவில் பழைய அளவே இருந்துவிட்டால், உங்கள் பில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். நூறு கன மீட்டர் கேஸுக்கு 70 பவுண்டு வர வேண்டிய இடத்தில் 200 வரும். பில்லின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கு விரிவாக அச்சிட்டிருக்கும். அதில் 2.83 என்ற எண் இருந்து, உங்கள் மீட்டரின் முகப்பில் கன மீட்டர் என்று இருந்தால், முகப்பைப் படம் எடுத்து உடனே அனுப்புங்கள். மாறி நடந்தால் பில் மூன்றில் ஒரு பங்காகத்தான் வரும். அதையும் சொல்லிவிடுவது நல்லது. ஒருநாள் அது பாக்கியாகத் திரும்பி வரும்.

ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறதே, எனக்கு இந்தத் தொல்லை இல்லைதானே?

ஒழுங்காக வேலை செய்தால் இல்லை, எண் தானாகப் போய்விடும். ஆனால் தொடர்பு அறுந்துபோனால் அது சாதாரண மீட்டர்தான், பில் மறுபடி உத்தேசமாகிவிடும். முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர்கள் பல, கம்பெனி மாறியவுடன் இப்படி ஊமையாகின. சமையலறையில் இருக்கிற சின்னத் திரை வேலை செய்வதை வைத்து மட்டும் நம்பிவிடாதீர்கள். பில்லில் 'ஆக்சுவல்' என்று வருகிறதா, அதைப் பாருங்கள்.

உத்தேசம் உண்மையைவிடக் குறைவாக இருக்கிறது. நமக்கு லாபம்தானே, பேசாமல் இருந்துவிடலாமா?

நிறைய வீடுகளில் இந்த எண்ணம் இருக்கிறது. தயவுசெய்து அப்படி விடாதீர்கள். பயன்படுத்தியது மீட்டரில் நிற்கிறது, என்றைக்காவது வெளியே வரும். அதற்குள் விலை ஏறிவிட்டால், பழைய விலையில் எரித்த கேஸுக்குப் புதிய விலை கொடுக்க நேரும்.

2022 மார்ச் 31 ஞாபகம் இருக்கலாம். மறுநாள் ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கேட்கும் விலைக்கு ஆஃப்ஜெம் வைக்கும் விலை வரம்பு 54 சதவீதம் ஏறப்போகிறது. சாதாரண வீட்டின் வருடச் செலவு 1,277இலிருந்து 1,971 பவுண்டு. அன்று நாடே மீட்டர் எண்ணை அனுப்ப முண்டியடித்ததில் கம்பெனிகளின் இணையதளங்கள் படுத்துவிட்டன. விலை வரம்பு இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில். அந்த நாலு நாளாவது மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். மாதாமாதம் செய்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கும் காலண்டரில் முதல் தேதிக் கட்டத்திலேயே எண்ணை எழுதிவிடுகிறோம்.

விலை வரம்பு 1,700 பவுண்டு என்று செய்தியில் சொன்னார்களே. என் பில் அதற்கு மேல் போகக் கூடாதல்லவா?

போகலாம். 2019 ஜனவரியில் வந்த அந்த 'பிரைஸ் கேப்' உங்கள் மொத்தப் பில்லுக்கு வரம்பு போடவில்லை. யூனிட் விலைக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான் வரம்பு. செய்தியில் வருகிற தொகை, நான் மேலே சொன்ன 'சாதாரண வீட்டுக்கு' எவ்வளவு ஆகும் என்பது. கூடப் பயன்படுத்தினால் கூட வரும். தாத்தா பாட்டியும் கைக்குழந்தையும் இருக்கிற வீட்டில் நாள் முழுக்க ஹீட்டிங் ஓடும். அந்த வீட்டைச் 'சாதாரண வீட்டோடு' ஒப்பிட்டு யாரும் வருந்த வேண்டாம்.

ஒன்றரை வருடத்துக்குச் சேர்த்து 1,800 பவுண்டு பாக்கி என்று கடிதம் வந்திருக்கிறது. முழுவதும் கட்ட வேண்டுமா?

கட்டுவதற்கு முன் தேதிகளைப் பாருங்கள். கம்பெனி ஒழுங்காகப் பில் போடாமல் விட்டிருந்தால், 12 மாதத்துக்கு முன் நீங்கள் பயன்படுத்தியதற்கு இப்போது வந்து பணம் கேட்க முடியாது. 'பேக் பில்லிங்' விதி என்பார்கள். 2018 மே மாதத்திலிருந்து எல்லாக் கம்பெனிகளையும் இது கட்டுப்படுத்துகிறது. பில்லே அனுப்பாமல் விட்டதற்கும், வருடக்கணக்காக உத்தேசமாகவே போட்டுவிட்டுக் கடைசியில் உண்மை எண் வந்தபோது கேட்பதற்கும் இது பொருந்தும்.

நீங்கள் மீட்டரைப் பார்க்க விடாமல் தடுத்திருந்தாலோ, மீட்டரில் கை வைத்திருந்தாலோ இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏற்கெனவே ஒழுங்காகப் பில் வந்து நீங்கள் கட்டாமல் விட்டதற்கும் பொருந்தாது. மற்றபடி 'பேக் பில்லிங்' என்ற சொல்லையே எழுதி, பழைய பகுதியைக் கழித்துப் புதிய கணக்கு கேளுங்கள். மிஞ்சியதை ஒரே தடவையில் கட்டத் தேவையில்லை, தவணையாகக் கேட்கலாம்.

வேறு யாருடைய மீட்டருக்கோ நான் கட்டுகிறேனோ என்று சந்தேகம்.

ஃப்ளாட்டுகளில் இது நடக்கிறது, எங்களுக்கே நடந்தது. மீட்டர்கள் எல்லாம் கீழே ஒரே அலமாரியில் வரிசையாக இருந்தன. இரண்டு வருடம் கழித்துத்தான், பில்லில் இருக்கிற மீட்டர் சீரியல் நம்பரும் எங்கள் கதவு எண் ஒட்டிய மீட்டரின் நம்பரும் வேறு என்று தெரிந்தது. தனியாக இருந்த பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத்தான் எங்கள் செலவு போய்க்கொண்டிருந்தது. கம்பெனி சரிசெய்ய ஐந்து மாதம் ஆயிற்று. அவர் அந்தக் குளிர்காலங்களில் ஹீட்டிங்கைக் குறைத்துக்கொண்டு இருந்திருப்பாரே என்பதுதான் இன்றும் மனதை உறுத்துகிறது.

சோதனை எளிது. முதலில் பில்லில் உள்ள சீரியல் நம்பரை மீட்டரில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பிறகு வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். எண் நகர்ந்தாலோ விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தாலோ, அது உங்கள் வீட்டு மீட்டர் இல்லாமலிருக்கலாம்.

ஒரு ரூம் மட்டும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கரண்டுக்குத் தனியாகக் கேட்கிறார்.

அவர் வாங்கிய விலைக்கு மேல் வைத்து உங்களிடம் விற்கக் கூடாது; அதற்கு விதி இருக்கிறது. பில்லைக் காட்டச் சொல்லலாம். வாடகையிலேயே எல்லாம் அடக்கம் என்றால் இது பொருந்தாது.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, மீட்டரும் உயரத்தில் இருக்கிறது. என்ன செய்வது?

'பிரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர்' என்று ஒரு பதிவேடு இருக்கிறது. இலவசம். முதியவர்கள், உடல்நலம் குன்றியவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருப்பவர்கள் மட்டுமில்லை, ஆங்கிலம் சரியாகப் பேசவோ படிக்கவோ முடியாதவர்களும் அதில் சேரலாம். நம் சமூகத்தில் இது தெரியாதவர்கள்தான் அதிகம். சேர்ந்துவிட்டால், மீட்டரை வாசிக்க முடியாதவர்களுக்காகக் கம்பெனியே ஆள் அனுப்பி வாசிக்கும். பில்லும் கடிதமும் உங்களுக்கு வரும்படி உங்கள் பெயரைக் கொடுக்கவும் முடியும். பத்து வயதுப் பிள்ளையைப் போனில் மொழிபெயர்க்க வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். வீட்டின் கடன் கவலையைக் குழந்தை காதால் கேட்க வேண்டாமே.

பில் சரிதான். ஆனால் என்னால் கட்ட முடியவில்லை.

கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைக்காதீர்கள். நம்மில் பலர் வெட்கத்தில் செய்கிற காரியம் அது. நீங்களே முதலில் போன் செய்து, கையில் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று சொல்லுங்கள். உங்களால் கட்ட முடிகிற அளவைப் பார்த்துத் தவணை போட வேண்டியது கம்பெனியின் கடமை. வருமானத்தைப் பொறுத்த அரசு உதவித்தொகை வாங்குபவர்கள், குளிர்காலத்தில் 150 பவுண்டு கழிவு தரும் 'வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட்' தமக்குக் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். சில கம்பெனிகளில் கஷ்டத்தில் இருப்பவர்களுக்குத் தனி நிதியும் உண்டு. 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' இலவசமாக வழி சொல்லும். இங்கிலாந்து, வேல்ஸில் அவர்கள் எண் 0808 223 1133.

எத்தனை தடவை சொல்லியும் கம்பெனி கேட்கவில்லை.

போனில் சொல்வதை நிறுத்தி, எழுத்தில் அனுப்புங்கள். 'இது ஒரு கம்ப்ளெயின்ட்' என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்தத் தேதியிலிருந்து எட்டு வாரம் ஆகியும் தீரவில்லை என்றாலோ, இனி எங்களால் முடியாது என்று அவர்களே எழுதிக் கொடுத்தாலோ, இப்படிப்பட்ட தகராறுகளைத் தீர்க்கும் தனி அமைப்பான எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அவர்கள் தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் கம்பெனி அதன்படி நடந்தே ஆக வேண்டும். மீட்டர் படங்கள் இங்கேதான் கைகொடுக்கும்.

வீடு மாறுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

சாவியைக் கொடுக்கிற நாளில் பழைய வீட்டு மீட்டரையும், சாவி வாங்குகிற நாளில் புது வீட்டு மீட்டரையும் படம் எடுங்கள். பால் காய்ச்சுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. புது வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு கம்பெனி இருக்கும். அவர்களிடம் முதல் நாள் எண்ணைக் கொடுக்காவிட்டால் முன்பிருந்தவர்களின் செலவு உங்கள் தலையில் விழலாம். பழைய கம்பெனிக்கு உங்கள் புது முகவரியைக் கொடுங்கள். கடைசிப் பில் ஆறு வாரத்துக்குள் வர வேண்டும். அதில் கிரெடிட் மிஞ்சியிருந்தால், பில் வந்த பத்து வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணம் வந்து சேரும்வரை பழைய பேங்க் அக்கவுண்டை மூடாதீர்கள்.